யானைச் சின்னமும் அசாயேப் போரும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழிளைஞர் ஒருவர் சட்டையில் சிறு யானைச் சின்னம் குத்தியிருந்தார். மதராஸ் ரெஜிமெண்டின் யானை அது. பாட்டனார் அப்படையில் பணியாற்றியவராம்.

"அணியலாமா ஐயா?" என்று கேட்டார். கோப்புகளோடு வாழ்பவனிடம் கேட்டால் பிரிவு எண்தானே விடையாகும்! 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. படைவீரர் எனப் பிறர் நம்பவேண்டும் என்னும் கருத்தோடு அணிதலே குற்றம். பாட்டன் நினைவாக அணிதல் அதில் அடங்காது. எனினும் படையினர் தம் அடையாளத்தைக் காப்பதில் கண்டிப்பானவர். 2022-இல் அறிமுகமான புதிய போர்ச்சீருடையின் வடிவத்தையே பதிவு செய்து, வெளிக்கடைகளில் விற்பனையாகாமல் தடுத்தனர்.

சட்டம் அவ்வளவே. யானையின் கதையோ நெடிது. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய ஜால்னா மாவட்டத்து அசாயேயில், சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் பெரும்படையை ஆர்தர் வெல்லெஸ்லி எதிர்த்தார். கைத்னா ஆற்றைக் கடக்கத் துறையே இல்லை என்றனர் வழிகாட்டிகள். இரு கரையிலும் எதிரெதிரே ஊர்கள் இருப்பதைக் கண்டவர், இடையே துறை இராமற் போகாது என்று துணிந்தார், இருந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் 1,500-க்கும் மேல். ஸ்காட்லாந்துப் படையினரின் பெயர் நூல்களில் ஓங்கி ஒலிக்கிறது. ஆனால் வெல்லெஸ்லியின் அணியில் பெரும்பகுதியினர் தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களுமான மதராஸ் சிப்பாய்களே. அப்போரில் நின்ற பிரிவுகளுக்குக் கிடைத்த சிறப்பே அந்த யானை. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான அதே வெல்லெஸ்லியின் பெயரைத்தான் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அமைந்த நீலகிரி வெலிங்டனும் தாங்குகிறது.

இங்கேதான் என் மனம் தயங்குகிறது. நாம் பிழைக்க வந்து நன்றியோடு வாழும் இம்மராட்டிய மண்ணில், மராட்டியரை வென்றதற்காகக் கம்பெனியார் தந்த சின்னம் அது. இந்தியரை அடக்கிப் பெற்ற போர்ப்பெருமைகளை விடுதலைக்குப் பின் நம் படை கொண்டாடுவதில்லை. அசாயேயும் அவற்றுள் ஒன்று. யானை மட்டும் நின்றுவிட்டது. நின்றதும் முறையே என்பேன். 1947-க்குப் பிறகு இந்நாட்டின் எல்லைகளில் அதை அணிந்து உயிர் கொடுத்தோர் வெல்லெஸ்லிக்காகக் கொடுக்கவில்லை.

"தாத்தா அசாயேயைப் பற்றிச் சொன்னதுண்டா, தம்பி?" என்றேன்.

"அந்தப் பெயரையே அவர் சொன்னதில்லை, ஐயா. பனியைப் பற்றித்தான் சொல்வார்" என்றார்.


சின்னத்தை அவர் கழற்றவில்லை; நானும் கழற்றச் சொல்லவில்லை. அசாயேக்குப் பேருந்து எங்கிருந்து புறப்படும் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.