ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்: வீட்டினுள் வளர்ப்பு

ஃபெலனாப்சிஸ், ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். வீட்டினுள் தொட்டியில் வளர்க்கப்படும் ஆர்க்கிட்களில் மிகப் பரவலானது இதுவே. தெற்காசியா முதல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை காடுகளில் இயற்கையாக வளர்கிறது. 1825இல் இதைத் தனிப் பேரினமாக விவரித்த தாவரவியலாளர் கார்ல் லுட்விக் புளூமே, ‘அந்துப்பூச்சி போன்ற தோற்றமுடையது’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். இந்தோனேசியாவின் தேசிய மலர்களுள் ஒன்றான ஃபெலனாப்சிஸ் அமாபிலிஸ் இப்பேரினத்தைச் சேர்ந்தது. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கலப்பினங்கள்.

காட்டில் இது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத் தாவரம். மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆகவே ஒட்டுண்ணி அன்று. காற்றில் தொங்கும் வேர்களை வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு போர்த்தியிருக்கிறது. இறந்த உயிரணுக்களாலான இவ்வுறை, மழை பெய்ததும் நீரை ஈர்த்து வைத்துக்கொண்டு பின்னர் உலர்ந்துவிடும். நீரிழப்பைக் குறைக்க இச்செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. இரு மழைக்கு இடையிலான வறட்சியைத் தாங்கவே அமைந்த உடல் இது. வீட்டில் இது மடிவது பெரும்பாலும் நீர்க்குறைவால் அன்று, வேருக்குக் காற்று கிடைக்காமையால்.

எனவே தோட்டத்து மண் அறவே ஆகாது. மரப்பட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவை ஏற்றவை. மட்டையை நீர் மாற்றி மாற்றிப் பலமுறை ஊறவைத்து உப்பை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அடியில் துளைகள் உள்ள, வேர் வெளியே தெரியும் பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

நீர் ஊற்றுவதற்குக் கிழமைக் கணக்கு வைப்பதை விட வேரைப் பார்ப்பதே நம்பகமானது. வெள்ளிச் சாம்பல் நிறமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது. பச்சையாக இருந்தால் ஈரம் உள்ளது. உலர்ந்தபின் காலை வேளையில் நன்றாக ஊற்றி, முழுதும் வடியவிட வேண்டும். அடித்தட்டில் நீர் நிற்கக் கூடாது. இலைகள் துவண்டதைத் தாகம் என்று கருதி மேலும் ஊற்றுவதுதான் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. வேர் அழுகிப்போனால், ஈரத்தின் நடுவே இருந்தும் செடியால் நீரை எடுக்க முடியாது. இலை அப்போதும் துவளும். நடுக்குருத்தில் நீர் தங்கினாலும் ஆபத்து. ஒரே வளர்நுனியைக் கொண்ட செடியாதலால் குருத்து அழுகினால் பெரும்பாலும் பிழைக்காது. தங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

இளங்காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் போதும். உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் குறைவு, செம்மை படர்ந்தால் அதிகம். உரத்தை, உறையில் குறித்துள்ள அளவில் கால் பங்காக நீர்க்கச் செய்து இடலாம்.

பூங்காம்பு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சியான சூழல் தேவை. வெப்பம் தொடர்ந்து 28 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் செடி இலை மட்டுமே விடும். தமிழ்நாட்டின் சமவெளி வீடுகளில் வாங்கிய செடி மறுமுறை பூக்கத் தயங்குவது இதனால்தான். இங்கே வெப்பம் தாங்கும் டென்ட்ரோபியம் என்னும் வேறோர் ஆர்க்கிட் பேரினத்தின் கலப்பினங்களே பொருத்தமானவை. ஆனால் அவற்றுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஃபெலனாப்சிஸ் பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். பழுக்கும் மாம்பழமோ வாழைப்பழமோ அருகில் இருந்தால் அவை வெளியிடும் எத்திலீன் வாயுவால் மொட்டுகள் உதிரும்.

மரப்பட்டை மக்கி இறுகிவிடுவதால், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூ முடிந்தபின் தொட்டி மாற்ற வேண்டும். அப்போது அழுகிக் கூழான வேர்களை மட்டும் சுத்தமான கத்தியால் நீக்குக. தொட்டிக்கு வெளியே நீளும் வேர்களை வெட்டாதீர்கள். காற்றில் வேர்விடுவது இச்செடியின் இயல்பு.