கதவில் எழுதிய பெயர்கள்

1994இல் யேர்மனிக்கு வந்த முதல் கிழமை என்னைப் படம் எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிறகு பத்து விரலுக்கும் மை. பின்னேரம் முகாம் வாசலில் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போடவேணும். நான் என்ன களவெடுத்தனானோ என்று அப்போது நினைத்தேன்.

பல வருடம் கழித்து மார்க்கோ போலோவும் இபன் பட்டூட்டாவும் சீனாவின் ஹாங்சோ நகரம் பற்றிச் சொன்னவற்றை வாசித்தபோது அந்த மை திரும்ப ஞாபகம் வந்தது.

1276இல் மொங்கோலியரிடம் விழும்வரை ஹாங்சோ தென் சொங் அரசின் தலைநகரம். போலோ அதைக் கின்சாய் என்கிறார். 1298இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல இன்னொரு கைதி எழுதிய கதை அது. பன்னிரண்டாயிரம் பாலம் என்கிறார். (எங்கட ஆட்கள் ஏஜென்சிக்காரனோடு வந்த கதை சொல்லும்போதும் எல்லைகளின் எண்ணிக்கை இப்படித்தான் கூடும்.) என்னைப் பிடித்து நிறுத்தியது பாலங்கள் அல்ல. அந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் வீட்டுக்காரன், மனைவி, பிள்ளைகள், அடிமைகள் எல்லாருடைய பெயரும் எழுதியிருக்குமாம். வளர்க்கும் மிருகங்களின் எண்ணிக்கையும் இருக்கும். ஒருவர் செத்தால் பெயரை அழிப்பார்கள், பிறந்தால் சேர்ப்பார்கள். சத்திரக்காரர்கள் தங்க வருகிறவனின் பெயரையும், வந்த நாள் போன நாளையும் பதிய வேண்டும். போலோவுக்கு இதில் ஒரே வியப்பு.

இபன் பட்டூட்டா மொரொக்கோவின் தாஞ்சியர்க்காரர். 1344இல் இலங்கைக்கு வந்தவர். ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் ஆட்களும் கொடுத்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தது இவரைத்தான். அதற்குப் பிறகுதான் சீனா. அங்கே இரவில் அதிகாரி வந்து சத்திரத்தில் உள்ளவர்களின் பெயரை எழுதிக் கதவைப் பூட்டுவார், விடிய வந்து பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார் என்று எழுதுகிறார். பேரரசனின் நகரத்தில் ஓவியர் கடைத்தெருவால் காலையில் போனாராம். பின்னேரம் திரும்பி வந்தால் அவருடைய முகமும் கூட வந்தவர்களின் முகமும் தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறது! அந்நியன் குற்றம் செய்துவிட்டு ஓடினால் அந்தப் படத்தை ஊரூராக அனுப்பித் தேடுவார்களாம். அவருக்குக் கோபமே வரவில்லை. படம் அச்சொட்டாக இருந்தது என்று பாராட்டுகிறார். பயணிக்கு இவ்வளவு பாதுகாப்பான நாடு வேறில்லை என்கிறார்.

எனக்கு அவரில் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அவர் டெல்லி சுல்தானின் தூதராகப் புறப்பட்டவர். ஹாங்சோவில் அவரைக் கொடியும் மேளமுமாக வரவேற்றார்கள். வந்த வேலை முடியத் திரும்பிப் போகிறவனுக்குச் சுவரில் தன் முகத்தைப் பார்த்து ரசிக்கலாம்.

ஆனால் அதே மனிதர் இன்னொரு இடத்தில், இவ்வளவு அழகிருந்தும் சீனா தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். வெளியே போனால் மனம் குழம்புகிறதென்று, தேவையில்லாமல் வீட்டை விட்டு இறங்கவில்லையாம். ஒரு முஸ்லிமைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. இதை வாசித்த பிறகு எரிச்சல் போய்விட்டது. என் முதல் பனிக்காலமும் அப்படித்தான் போனது.

இருவருமே சீனாவுக்குப் போனார்களா என்று சந்தேகிக்கிற ஆய்வாளர்களும் உண்டு. பாதை பொருந்தவில்லை, காலம் பொருந்தவில்லை என்பார்கள். என் அகதி வழக்கிலும் அதிகாரி அதையேதான் கேட்டார். எந்த நாட்டால் வந்தாய், எத்தனையாம் திகதி? எனக்குத் திகதி ஞாபகமில்லை. இருட்டும் லொறியும்தான் ஞாபகம்.

ஹாங்சோ போகிற வழியில் கன்ஜன்பு என்ற ஊரில் ஒரு பணக்காரரைச் சந்திக்கிறார். எந்த ஊர் என்று கேட்டால் சியுட்டா என்கிறார். தாஞ்சியருக்குப் பக்கத்து ஊர். அந்த மனிதர் அழ, இவரும் அழுதிருக்கிறார். இந்த இடத்தை யாரும் சந்தேகிக்கட்டும், நான் நம்புகிறேன்.

சில வருடம் கழித்துச் சகாரா ஓரத்தில் சிஜில்மாசா என்ற ஊரில் ஒரு வீட்டில் தங்குகிறார். வீட்டுக்காரர் அந்தச் சீனாக்காரரின் கூடப்பிறந்தவர். இரண்டு பேருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொறன்ரோவில் இருக்கிற அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே விடியப்புறம் நாலு மணி. நல்லாய் ஏச்சு வாங்கினேன்.