மனநோயாளியும் பொதுநிதியும்: பீமாரிஸ்தான் முதல் ஏர்வாடி வரை

மேகமலைத் தொடரில் பிறக்கும் மூல வைகை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு ஆகிய ஊர்களைத் தழுவி இறங்கி, மதுரையைக் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயைச் சேர்கிறது. அவ்வாறு செல்லும் திசையிலேயே நெடுங்காலமாக மற்றொரு பயணமும் நடந்து வந்துள்ளது. மனம் பேதலித்த மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, சமய வேறுபாடின்றி, குடும்பங்கள் ஏர்வாடி தர்காவை நோக்கிச் செல்லும் பயணம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாடும்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை தம் மகனுடன் நம்மிடம் வந்தார். இலவம்பஞ்சுத் தோப்பில் கூலி வேலை செய்பவர். "ஹஜ்ரத், மாத்திரை கேட்கத்தான் செய்யுது. மாசாமாசம் ரெண்டு பேரு கூலிய விட்டுட்டுப் போய்வர முடியல. நீங்க ஓதிவிடுங்க, இல்லேன்னா ஏர்வாடியில கொண்டுபோய் விடுறேன்" என்றார். நாம் ஓதினோம். ஆனால் அவருடைய சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. அவரை மருத்துவத்திலிருந்து விலக்கியது மூடநம்பிக்கை அன்று. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியுமே. மனநோய்ச் சிகிச்சையின் வரலாறு, பெரும்பகுதி, அதற்கான செலவை யார் ஏற்றார் என்பதன் வரலாறே என்பதை அன்று உணர்ந்தோம்.

சித்தம் தெளியாதவர் மீது மார்க்கக் கடமைகள் விதிக்கப்படவில்லை என்பதை நம் மாணவர்கள் ஃபிக்ஹின் தொடக்கப் பாடங்களிலேயே பயில்கின்றனர். ஆயினும், அவர் கடமையிலிருந்து நீங்கினாரேயன்றிச் சமுதாயம் நீங்கிவிடவில்லை. பொருளை நிர்வகிக்கும் அறிவு வாய்க்காதோருக்கு உணவும் உடையும் அளிக்க வேண்டும், அவர்களிடம் இனிய சொல்லே பேச வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் தரும் கட்டளை. இக்கட்டளையை முன்னோர் நிறுவனமாக்கிய இடமே பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனை.

எகிப்தை ஆண்ட அஹ்மது இப்னு தூலூன், ஹிஜ்ரி 259இல் (கி.பி. 872–73) எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடம் இருந்தது. வெள்ளிதோறும் அவர் நேரில் சென்று நோயாளிகளைப் பார்வையிடுவார். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் கேட்டுப் பெற்று, அதை அவர் மீதே வீசியெறிந்தார் என்றும், அதன்பின் அவர் அங்குச் செல்லவில்லை என்றும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறிப்பிடுகிறார். ஆட்சியாளரின் வருகை நின்றது, மருத்துவமனை நின்றுவிடவில்லை. ஏனெனில் அது அவருடைய மனநிலையை நம்பி நடக்கவில்லை. அதற்கென எழுதிவைக்கப்பட்ட சொத்துகளின் வருவாயை நம்பி நடந்தது. வக்ஃப் என்ற சொல்லுக்கே நிறுத்திவைத்தல் என்பதுதான் பொருள். மூலச் சொத்து விலைபோகாமல் நிற்கும். அதன் பயன் மட்டும் ஆண்டுதோறும் செலவாகும்.

கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்சூரி மருத்துவமனையின் வக்ஃப் ஆவணம் மேலும் ஒருபடி சென்றது. மருத்துவமனைக்கு வர இயலாத ஏழை நோயாளிக்கு அவர் வீட்டிலேயே மருந்தும் உணவும் கிடைக்க அது வழிவகுத்தது. சமூகம் சார்ந்த சிகிச்சை என்று இன்று நாம் பேசுவதன் சாயலை அதில் காணலாம்.

இப்பெருமையைச் சொல்லும்போது உண்மையை மறைத்தல் தகாது. கி.பி. 1184இல் டமாஸ்கஸ் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கிருந்த மனநோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். சங்கிலி அங்கும் இருந்தது. ஆனால் சங்கிலியோடு மருத்துவரும் இருந்தார். அவருக்கு ஊதியம் வழங்கும் நிதியும் இருந்தது. மருத்துவர் மறைந்து சங்கிலி மட்டும் எஞ்சினால் என்ன நிகழும் என்பதை நம் காலமே காட்டியது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அம்மாதத்திலேயே அங்கிருந்த காப்பகங்களை மூடிய அரசு, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தானாகவே முன்வந்து விசாரித்தது. பலரும் அன்று தர்கா நம்பிக்கையைக் குறை கூறினர். அக்குடும்பங்களுக்கு அருகில் வேறென்ன இருந்தது என்று கேட்டோர் சிலரே.

1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மனநலக் காப்பகமே நெடுங்காலம் தமிழகம் முழுமைக்கும் ஒரே அரசு மனநல மருத்துவமனையாக விளங்கியது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் சோதனை முறையாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்து, மருந்தை மக்களுக்கு அருகில் கொண்டுசெல்லும் முறை வெற்றி கண்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது; அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. மதுரையும் இராமநாதபுரமும் பின்னர் இணைந்தன. இன்று அத்திட்டம் தேனி உட்படத் தமிழகம் முழுவதும் பரவியுள்ளது.

ஆயினும் அதன் நிதி அமைப்பில் ஒரு குறை இருந்தது. மத்திய அரசு ஐந்தாண்டுகள் பொருளுதவி செய்யும்; பின்னர் மாநிலம் ஏற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. கடும் மனநோயோ ஐந்தாண்டில் முடிவதன்று. பலருக்கு அது ஆயுள் முழுவதும் தொடர்வது. நோய்க்கு முடிவில்லாதபோது நிதிக்கு முடிவு குறிப்பது எவ்வாறு பொருந்தும்? மருந்து இரு மாதம் தடைப்பட்டாலும் பலருக்கு நோய் திரும்பிவிடும். குடும்பம் மீண்டும் கயிற்றைத் தேடும். வக்ஃபின் தத்துவத்தை நம் காலத்து நிதியறிக்கைகள் கற்க வேண்டிய இடம் இதுவே.

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது; சங்கிலியிடுவதையும் தடைசெய்தது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008இல் மருந்தும் துஆவும் இணைந்த முறை தொடங்கிற்று. ஏர்வாடியிலும் அம்முறை பின்பற்றப்பட்டது. துஆவுக்கு வருவோரிடமே மருத்துவரும் வருவதால், நம்பிக்கையைப் புண்படுத்தாமல் நோய் தீர்க்கும் வழி இது.

உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அது மயிலாடும்பாறைக்கு வந்து சேர வேண்டுமானால், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் தூரம் குறைந்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தடையின்றி மருந்து கிடைக்க வேண்டும். இதை அரசிடம் கேட்பது நம் உரிமை. ஏழை நோயாளியின் வழிச்செலவையும், உடன் செல்பவரின் ஒருநாள் கூலியையும் ஏற்பது நம் ஜமாஅத்துகளின் கடமை. அதற்கு ஸதக்காவில் ஒரு சிறு பங்கு போதும்.

அந்தத் தந்தைக்கு அவ்வாறே ஓர் ஏற்பாடு செய்தோம். மகன் இன்று தோப்பு வேலைக்குச் செல்கிறார். நாமும் ஓதுவதை நிறுத்தவில்லை. நோய்க்கு மருந்தை இறக்கியவனும் துஆவைச் செவியேற்பவனும் ஒருவனே அல்லவா?