தேயிலையை விற்ற கதைகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து காலையில் பஸ் ஏறுகிற நம்ம நண்பர்களில் சிலருக்கு, கம்பெனிகளுக்குப் பொருள் விற்கிறதுதான் வேலை. மென்பொருளோ ஆடையோ, "வெறும் விலையைச் சொல்லாதே, கதையைச் சொல்லு" என்றுதான் மனேஜர் சொல்லுவார். ஏதோ நேற்று வந்த வித்தை மாதிரி. ஆனால் கொழும்பில் இந்த வித்தைக்கு 140 வயதாகிவிட்டது. அதைப் பழக்கியது தேயிலை.

1869இல் ஒரு பூஞ்சண நோய் இலங்கையின் கோப்பியில் விழுந்தது. சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் நாசமாயின. அதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். மற்றத் துரைமாரும் அவர் வழிக்கு வந்தார்கள். இலை நன்றாகத்தான் இருந்தது, பெயரைத்தான் யாருக்கும் தெரியாது. லண்டன் வியாபாரிக்குத் தேயிலை என்றால் சீனா, அதற்குப் பிறகு அசாம். இலங்கை என்றால் கோப்பி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துரைமார் முதலில் மனம் மாற்ற வேண்டியிருந்தது தேத்தண்ணி குடிக்கிறவரை அல்ல, பெட்டி பெட்டியாக வாங்குகிற வியாபாரியை. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது பொதுத் தேயிலை ஏலம் நடந்தது. சொமர்வில் என்ற தரகுக் கம்பெனியின் இடத்தில்தான் அது கூடியது.

ஏல முறையில் வாங்குகிறவரிடம் அலங்காரப் பேச்சு எடுபடாது. ஏலத்துக்கு முன்பே மாதிரி அவர் கைக்குப் போய்விடும். பட்டியலில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. மாதிரியான தரம், எடை. அதோடு சுவை பார்ப்பவர் சொல்லும் நாலு சொல்: நிறம் எப்படி, மணம் எப்படி, நாக்கில் எப்படி நிற்கிறது. வாங்குபவரும் அதே இலையை ஊற்றி, உறிஞ்சி, துப்பிப் பார்ப்பார். பொய் சொல்லியிருந்தால் ஒரு வாயில் பிடிபட்டுவிடும்.

அதனால் சொல்லக்கூடிய கதை ஒன்றுதான் மிஞ்சியது: இந்த இலை எங்கே, எப்போது வளர்ந்தது? 4,000 அடிக்கு மேலே என்றால் ஒரு சுவை, 2,000 அடிக்குக் கீழே என்றால் வேறு. ஆடி, ஆவணியில் ஊவாவில் வீசும் வறண்ட காற்று கொழுந்துக்கு ஒரு தனி மணம் தரும். மலையின் உயரமும் காற்றும் விலையாயின. இந்தக் கதை நின்றுபிடித்ததற்குக் காரணம், கேட்கிறவர் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான்.

பொதுசனத்துக்கு வேறொரு கதை ஓடியது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்கள் வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்றே தனி அரங்கு, அங்கே இலங்கைத் தேயிலை. 1932இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒரு சபை. விளம்பரப் படங்களில் பச்சை மலை, கூடை, சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்.

இரண்டு கதையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டியலில் அந்தப் பெண்ணே இல்லை. படத்தில் இருக்கிறாள், ஆனால் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த அவளுடைய ஆட்களில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அடுத்த வருடமே, 1965இல், உலகில் மிக அதிகமாகத் தேயிலை ஏற்றுமதி செய்த நாடு இலங்கை. ஒரு பக்கம் பறித்தவருக்கு நாடில்லை, மறுபக்கம் பறித்த இலைக்கு நாட்டின் பெயர். 1972இல் நாடு தன் பெயரை மாற்றியபோதும் தேயிலை மட்டும் "சிலோன்" என்றே இருந்தது. அந்தப் பெயருக்கு அவ்வளவு பெறுமதி.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல, இலையோடு சான்றிதழும் கேட்கின்றன. மண் எப்படி, மருந்து எப்படி என்பதோடு, வேலை செய்கிறவர் எப்படி நடத்தப்படுகிறார் என்றும் கேட்கின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வந்ததே 2021இல்தான், அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. நூற்றாண்டுக்கும் மேலாகக் கதைக்கு வெளியே வைத்திருந்த ஆள், வியாபாரக் கேள்வியாகவே உள்ளே வருகிறாள்.

கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் சிலர் இன்று ஏற்றுமதிக் கம்பெனிகளுக்காக இதே தேயிலைக் கதையை எழுதவும் செய்யலாம். எழுதுகிற யாராக இருந்தாலும், பழைய ஏலத்தின் சட்டம் ஒன்றை ஞாபகம் வைத்திருப்பது நல்லது. வாங்குபவர் இலையை ஊற்றிப் பார்ப்பார் என்று தெரிந்துதான் தரகர் அளந்து எழுதினார். அவர் லயத்துக்கும் ஒருநாள் வந்து பார்ப்பார் என்று நினைத்து எழுதுவோம். அப்படி எழுத முடியாவிட்டால், திருத்த வேண்டியது கதையை அல்ல, லயத்தை.