ஆதாரக் கல்வியும் அரைநாள் கல்வியும்: பழைய மதுரை மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வேலையின் வழியே கல்வி என்னும் கருத்து, விடுதலையை அடுத்த ஆண்டுகளில் தமிழகத்தில் இரு வடிவங்களில் நடைமுறைக்கு வந்தது. காந்திகிராமத்தின் ஆதாரக் கல்வி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இராஜாஜியின் அரைநாள் கல்வி ஓராண்டிலேயே கைவிடப்பட்டது. மாணவரின் தொழிலை முடிவு செய்தது எது என்பதில் இவ்வேறுபாட்டின் வேர் உள்ளது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதாரக் கல்வி, குலக்கல்வி, காந்திகிராமம், கம்பம் பள்ளத்தாக்கு, தொழிற்பழகுநர்.

வார்தாவிலிருந்து சின்னாளபட்டிக்கு

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, ஜாகிர் உசேன் குழு ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. அதனை நடைமுறைப்படுத்த அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர் என்பது தமிழ்க் கல்வி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. மாணவர் செய்த பொருளின் விற்பனையால் ஆசிரியர் ஊதியத்தை ஈடுகட்டலாம் என்ற கருத்து அன்றே கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கே.டி.ஷா போன்றோர் அதனைக் குழந்தை உழைப்பென்றே கருதினர். அக்கண்டனம் நியாயமானது.

எனினும் ஆதாரக் கல்வியின் உயிர்நிலை விற்பனையில் இல்லை. நூற்பு வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே நூலின் நம்பர். தான் நூற்ற நூலை அளந்து, நிறுத்து, நம்பரைக் கணக்கிடும் மாணவர் பெருக்கலையும் வகுத்தலையும் கைவழியே அறிகிறார். பஞ்சு விளையும் மண், அதன் விலை, மான்செஸ்டர் துணி வந்த வரலாறு எனப் பாடம் விரிகிறது. தொழிலைப் பாடமாக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையெனில் அது வெறும் நூற்புக்கூடமே.

சௌந்தரமும் ஜி.இராமச்சந்திரனும் 1947 அக்டோபர் 7 அன்று சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவியபோது ஆசிரியர் பயிற்சிக்கு முதன்மை அளித்தமைக்குக் காரணம் இதுவே. சௌந்தரம் மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள், மருத்துவர். இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர். 1956இல் இங்குக் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

1953: அரைநாள் பள்ளி

சௌந்தரம் 1952இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவர் உறுப்பினராயிருந்த அவையில்தான் முதலமைச்சர் இராஜாஜியின் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் புயலை எழுப்பியது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரண்டு முறைகளாகப் பள்ளி நடத்தலாம். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது ஏற்பாடு. நகரப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

நிதியின்றிப் பள்ளிகளை விரிவாக்க வேண்டிய நெருக்கடி மெய்யானது. பதினான்கு வயது வரையிலான அனைவருக்கும் பத்தாண்டுக்குள் கல்வி தர முயலுமாறு அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு பணித்திருந்தது. ஆயினும் செலவுக் கணக்கில் பிறந்த ஏற்பாட்டுக்குத் தொழிற்கல்வி என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்?

பழைய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியே விடை தருகிறது; காந்திகிராமமும் கம்பம் பள்ளத்தாக்கும் அன்று ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஆண்டிபட்டிப் பகுதியின் நெசவாளர் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் தார் சுற்றும். பாவு ஓட உதவும். அதனைத் தொழிற்பயிற்சி எனலாம், ஒருவகையில். 1895இல் பெரியாற்று நீர் வந்தபின் நெல் வயல்கள் பெருகிய கம்பம், உத்தமபாளையம் பகுதியில் நிலமற்ற கூலியாளின் பிள்ளை எதைக் கற்கும்? போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்குக் கூலிவேலைக்குச் செல்லும் தாயிடம் பிள்ளை பயிலக்கூடிய ‘கைத்தொழில்’ எது? நில உடைமையாளரின் மகன் மேற்பார்வை கற்பான். கூலியாளின் மகள் களை பறிப்பாள். இருவருக்கும் சான்றிதழ் ஒன்றே. தந்தை ஆசிரியரல்லர், காலைப் பாடத்துக்கும் மாலை வேலைக்கும் தொடர்பில்லை.

பெரியார் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார், அப்பெயரே நிலைத்தது. 1953 சூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்துக்கு எதிரானது. பருலேகர் குழு அடிப்படையில் திட்டத்துக்கு ஆதரவாகவே கருத்துரைத்தது. ஆனால் வல்லுநர் ஒப்புதலால் அரசியல் எதிர்ப்பு தணியவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தார்.

காந்தியும் பரம்பரைத் தொழிலைப் போற்றியவரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தூண்டிய ஆதாரப் பள்ளியில் தொழிலை முடிவு செய்தது வட்டாரம். அரைநாள் திட்டத்தில் முடிவு செய்தது வீடு, அதாவது பெரும்பாலும் சாதி. காந்திகிராமத்தில் ஒரே இராட்டையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நூற்றனர். இவ்விரண்டையும் ஒரே மரபாகக் காணும் ஆய்வுகள் இவ்விடத்தில் தவறுகின்றன.

பிற்காலம்

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தமிழக அரசு அதில் தொழிற்பிரிவையும் சேர்த்தது. இன்று பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாணவர் இறுதியாண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் சிற்றூர்களில் தங்கி உழவரிடம் கற்கின்றனர். உழவர் இங்கு ஆசிரியர். ஆனால் மாணவரின் தந்தையாக இருக்க வேண்டியதில்லை.

தொழிற்பழகுநர் சட்டம் 1961 இவ்வேறுபாட்டைச் சட்டமொழியிலேயே பதிவு செய்துள்ளது. பதினான்கு வயது நிறைந்தவரே பழகுநராகலாம்; வேலையளிப்பவருடன் ஒப்பந்தம் வேண்டும்; உதவித்தொகை உண்டு. பழகுநர் உரிய வயதை எட்டாதவராயின் அவர் சார்பில் ஒப்பந்தம் செய்பவர் காப்பாளர். 1953இல் தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பில் வைக்கப்பட்ட தந்தை, இச்சட்டத்தில் கையெழுத்திடுபவராக மட்டுமே இடம்பெறுகிறார்.