சூசை கேட்ட பங்க் கடை

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் தாம்பரம் பகுதிப் பங்குகளில் பெற்றோர் நம்மிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: “சாமி, திருமுழுக்குப் பெயர் சான்றிதழில் வராமலிருந்தால் நல்லதா?” இக்கேள்வியின் வேர், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியில் உள்ளது. பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கென வரையறுத்த அப்பத்தி, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் நீக்கச் சொல்லியும் நீடிக்கிறது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, பட்டியல் சாதி இந்துக்களுக்கு அரசு இலவசமாய் வழங்கிய பங்க் கடை தமக்கு மறுக்கப்பட்டதால் வழக்காடினார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்வதற்குச் சான்று போதாதென 1985-இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. சான்றா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில், தலித் கிறிஸ்தவரைப் பிரிக்க நம்மவரே எழுப்பிய சுவர் அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தது.