நம் ஊர்ப் பெயருக்குரிய இடையர்



வேளாங்கண்ணி அன்னையின் கொடியேற்றம் நெருங்குகிறது. காவி உடுத்தி, வெறுங்காலோடு நெடுந்தொலைவு நடந்த நினைவு உங்களுள் பலருக்கு உண்டு. இங்கு சான் ரமோனில் அயர்ன் ஹார்ஸ் பாதையில், வெயிலில் காய்ந்த பொன்னிறக் குன்றுகளுக்கு இடையே நடக்கிறீர்கள். உங்களுக்கு முன் இவ்வழியே சென்றவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1772-ஆம் ஆண்டு மார்ச்சில் பெத்ரோ ஃபாகெஸ் தலைமையில் ஸ்பானியக் குழு ஒன்று மான்டரேயிலிருந்து புறப்பட்டது. விரிகுடாவின் கிழக்குக் கரையை ஆராய்ந்துவிட்டு இப்பள்ளத்தாக்கின் வழியே திரும்பியது. அதன் நாட்குறிப்பை எழுதியவர் பிரான்சிஸ்கன் சபைக் குரு ஹுவான் கிரெஸ்பி. 1721-இல் மத்தியதரைக் கடலின் மல்லோர்க்கா தீவில் பிறந்தவர். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்னும் தம் தீவின் பருவநிலையே இங்கும் நிலவக் கண்டார். இன்று கோடையில் பொன்னிறமாகும் புல்லின் பெரும்பகுதி, ஸ்பானியர் வருகைக்குப்பின் மத்தியதரை நிலங்களிலிருந்து வந்து பரவியதே.

ஆயினும் இது ஆளற்ற நிலம் அன்று. தட்கன், சியூனென் என்னும் பூர்வகுடியினர் இங்கு வாழ்ந்தனர். 1797-இல் சான் ஹோசே மறைபணித்தளம் நிறுவப்பட்டது. இப்பள்ளத்தாக்கு அதன் மேய்ச்சல் நிலமாயிற்று. திருமுழுக்குப் பெற்ற பூர்வகுடியினர் விரும்பியபோது அத்தளத்தைவிட்டு நீங்க இயலவில்லை. 1806-இல் பரவிய தட்டம்மை விரிகுடாப் பகுதித் தளங்களில் எண்ணற்றோரைப் பலிகொண்டது.

சான் ரமோன் என்றதும், ஆகஸ்டு 31-இல் நாம் நினைவுகூரும் புனிதர் ரமோன் நொனாத்தோவை எண்ணுகிறோம். ஆனால் இங்குப் பண்ணை வைத்திருந்த ஹோசே மரியா அமடோர், நில உரிமை வழக்கொன்றில் வேறொரு விளக்கம் அளித்தார். மறைபணித்தளத்தின் ஆடுகளை இங்கு மேய்த்த ரமோன் என்னும் பூர்வகுடி மனிதரின் பெயரே முதலில் ஓடைக்கு வழங்கிற்று. ஸ்பானிய வழக்கத்தை ஒட்டிப் பின்னரே 'சான்' சேர்ந்தது என்றார்.

அன்பர்களே, 2015-இல் பொலிவியாவில் திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்கப் பூர்வகுடியினருக்கு எதிராகத் திருச்சபை இழைத்த பாவங்களுக்காக மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்பு நம் ஊருக்கும் உரியது. நற்செய்தியைச் சுமந்து வந்த அதே வழியில்தான் ஒரு மக்களின் துயரமும் வந்தது. ஒன்றைப் போற்ற மற்றொன்றை மறைப்பது விசுவாசம் ஆகாது.

நாமும் தொலைவிலிருந்து வந்து இம்மண்ணில் குடியேறியவர்களே. இந்த நவநாள்களில் அப்பாதையில் செபமாலையோடு நடக்கும்போது, ஒரு பத்து மணியை இடையர் ரமோனுக்காகவும் அவருடைய மக்களுக்காகவும் ஒப்புக்கொடுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.